அட்மின் பாஸ்வேர்டைச் சொல்லாமலே பிள்ளையின் கேமை ஓட வைப்பது எப்படி?

விண்டோஸ் கணினியில் கேமைத் திறந்ததும் திரை மங்கி, நடுவில் ஒரு பெட்டி வந்து அட்மின் பாஸ்வேர்டு கேட்கிறது. நாலு நாள் எழுந்துபோய் அடித்துக் கொடுக்கும் பெற்றோர், ஐந்தாம் நாள் கைவேலையாக இருக்கும்போது பாஸ்வேர்டையே சொல்லிவிடுகிறார்கள். அதன்பின் அந்தக் கணினியில் எதையும் நிறுவவும், ஆன்டிவைரஸை அணைக்கவும், உங்கள் கோப்புகளைத் திறக்கவும் பிள்ளையால் முடியும். பிள்ளை செய்யாவிட்டாலும், அது இறக்கும் ஏதோ ஒரு 'சீட்' (ஆட்டத்தில் குறுக்கு வழியில் ஜெயிக்க உதவும்) மென்பொருள் செய்துவிடும்.

ஒரு கேமை நிறுவும்போது பாஸ்வேர்டு கேட்பது இயல்பு. தினமும் கேட்டால் எங்கோ கோளாறு இருக்கிறது என்று பொருள். கீழே உள்ளவை விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும்.

படி 1: கணக்கைப் பிரியுங்கள்

வீட்டில் ஒரே கணக்கு, அதுவும் அட்மின் கணக்கு என்றால் முதலில் உங்களுக்கென்று இன்னொரு அட்மின் கணக்கு உருவாக்குங்கள். செட்டிங்ஸ் > அக்கவுண்ட்ஸ் > அதர் யூசர்ஸ் > ஆட் அக்கவுண்ட். விண்டோஸ் 10-இல் இதே பகுதி 'ஃபேமிலி அண்ட் அதர் யூசர்ஸ்' என்று இருக்கும். கணக்கு உருவானதும் அதன்மேல் சொடுக்கி, 'சேஞ்ச் அக்கவுண்ட் டைப்' வழியாக 'அட்மினிஸ்ட்ரேட்டர்' ஆக்குங்கள். அந்தக் கணக்கில் ஒருமுறை உள்ளே நுழைந்து, பாஸ்வேர்டு வேலை செய்வதைப் பார்த்துவிட்டு, பிறகுதான் பிள்ளையின் கணக்கை 'ஸ்டாண்டர்ட் யூசர்' (அட்மின் உரிமை இல்லாத சாதாரணக் கணக்கு) ஆக மாற்ற வேண்டும். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

உங்கள் கணக்குக்கு 4 இலக்க பின் வைத்திருந்தால் கவனம். பாஸ்வேர்டு கேட்கும் பெட்டியில் அந்தப் பின்னை அடித்தாலும் போதும். பக்கத்தில் நிற்கும் பிள்ளைக்கு நாலு எண் மனப்பாடமாக எவ்வளவு நேரம் ஆகும்? பின்னை நீளமாக்குங்கள், எழுத்துகளும் கலந்து வையுங்கள்.

படி 2: சரியான இடத்தில் நிறுவுங்கள்

பாதிச் சிக்கல் இங்கேயே தீர்ந்துவிடும். பெரும்பாலான இன்ஸ்டாலர்கள் சி டிரைவில் 'ப்ரோகிராம் ஃபைல்ஸ்' ஃபோல்டருக்குள் கேமை வைக்கும். ஸ்டாண்டர்ட் கணக்கு அங்கே இருப்பதைப் படிக்கலாம், எழுத முடியாது. பழைய கேம்கள் பல, சேமித்த ஆட்டத்தையும் அமைப்புகளையும் தங்கள் சொந்த ஃபோல்டருக்குள்ளேயே எழுதப் பார்க்கும். 1999-இல் வந்த ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 அப்படித்தான். எழுத முடியாதபோது கேம் நின்றுவிடும், அல்லது சேமிப்பு வேறிடம் போகும்.

எனவே நிறுவும்போது 'கஸ்டம்' அல்லது 'பிரவுஸ்' அழுத்தி, சி டிரைவில் நேரடியாக கேம்களுக்கென்று ஒரு ஃபோல்டர் உருவாக்கி அதைக் காட்டுங்கள். அப்படி உருவாகும் ஃபோல்டரில், கணினியில் கணக்குள்ள எவரும் எழுதலாம் என்பதே விண்டோஸின் இயல்பான அமைப்பு. ஃபோல்டர் பெயரை ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல் வையுங்கள். பழைய கேம்கள் தமிழ் எழுத்தைக் கண்டால் தடுமாறும்.

ராப்லாக்ஸ், மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்பு போன்றவை தங்கள் கோப்புகளைப் பிள்ளையின் கணக்குக்குள்ளேயே வைத்துக்கொள்பவை. இவை தினமும் அட்மின் பாஸ்வேர்டு கேட்டால் சந்தேகப்படுங்கள். பெட்டியில் 'வெரிஃபைட் பப்ளிஷர்' என்ற இடத்தில் யார் பெயர் என்று படியுங்கள். மேல்பட்டை மஞ்சளாக இருந்து, 'அன்நோன்' என்று வந்தால் 'நோ' அழுத்துங்கள்.

படி 3: முன்பே நிறுவிய கேம் என்றால், அந்த ஒரு ஃபோல்டருக்கு மட்டும் அனுமதி

1. அட்மின் கணக்கில் நுழைந்து, கேமின் ஃபோல்டர்மேல் வலது சொடுக்கு > ப்ராபர்ட்டீஸ் > செக்யூரிட்டி > எடிட்.
2. 'ஆட்' அழுத்தி, 'அட்வான்ஸ்டு' > 'ஃபைண்ட் நவ்'. வரும் பட்டியலில் பிள்ளையின் கணக்கைத் தேர்ந்து ஓகே. பெயரைக் கையால் அடிக்க வேண்டாம். திரையில் தெரியும் பெயரும் விண்டோஸ் உள்ளுக்குள் வைத்திருக்கும் பெயரும் பல கணினிகளில் வேறு வேறு.
3. கீழே 'அலவ்' நெடுவரிசையில் 'மாடிஃபை' டிக் செய்து ஓகே. 'ஃபுல் கன்ட்ரோல்' தேவையில்லை.

மொத்த 'ப்ரோகிராம் ஃபைல்ஸ்' ஃபோல்டருக்கும் இதைச் செய்துவிடாதீர்கள். இன்னொன்று: பிள்ளை எழுதக்கூடிய ஃபோல்டரில் உள்ள கேமை நீங்கள் 'ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' என்று திறக்கக் கூடாது. அங்கே ஏதாவது தீய மென்பொருள் கோப்பை மாற்றி வைத்திருந்தால், அதற்கு அட்மின் உரிமையை நீங்களே கையில் கொடுத்ததாகிவிடும்.

படி 4: இன்னும் கேட்கிறதா?

கேமின் ஷார்ட்கட்மேல் வலது சொடுக்கு > ப்ராபர்ட்டீஸ் > கம்பாட்டிபிலிட்டி. 'ரன் திஸ் ப்ரோகிராம் அஸ் அன் அட்மினிஸ்ட்ரேட்டர்' என்பதில் யாரோ எப்போதோ போட்ட டிக் இருக்கும். எடுத்துவிடுங்கள். அங்கே இல்லையென்றால் கீழே 'சேஞ்ச் செட்டிங்ஸ் ஃபார் ஆல் யூசர்ஸ்' உள்ளேயும் பாருங்கள். பெரும்பாலும் அதற்குள்தான் ஒளிந்திருக்கும்.

சில கேம்களில் உரிமை கேட்பது கேம் அல்ல, அதைத் தொடங்கி வைக்கும் லாஞ்சர். கேம் ஃபோல்டருக்குள் போய் உண்மையான கேம் கோப்பை நேரடியாகத் திறந்து பாருங்கள். அது கேட்காமல் ஓடினால் அதற்கே புது ஷார்ட்கட் போட்டுக் கொடுங்கள். கேமே அட்மின் உரிமை வேண்டும் என்று எழுதப்பட்டிருந்தால் ஃபோல்டர் அனுமதி உதவாது. அப்போது புதிய மறுபதிப்பு இருக்கிறதா என்று தேடுவது நல்லது. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-இன் 2019 பதிப்பு, சேமிப்புகளை ஆடுபவரின் சொந்த ஃபோல்டரிலேயே வைக்கிறது.

சேமித்த ஆட்டம் காணாமல் போனால்

இதுதான் பிள்ளைகளை அழ வைப்பது, காரணமும் பலருக்குப் புரிவதில்லை. பிள்ளையின் கணக்கில் நீங்கள் பாஸ்வேர்டு அடித்துத் திறந்த கேம், உண்மையில் உங்கள் கணக்கின் பெயரில் ஓடுகிறது. ஆகவே சேமிப்பெல்லாம் உங்கள் 'டாக்குமென்ட்ஸ்' ஃபோல்டருக்கோ, மென்பொருள்கள் தங்கள் கோப்புகளை வைக்கும் 'ஆப்டேட்டா' ஃபோல்டருக்கோ போயிருக்கும். அடுத்த நாள் பாஸ்வேர்டு இல்லாமல் திறந்தால், கேம் பிள்ளையின் ஃபோல்டரில் தேடி, ஒன்றுமில்லை என்று முதலிலிருந்து தொடங்குகிறது. உங்கள் ஃபோல்டரில் கேமின் பெயரில் இருப்பதை நகலெடுத்து, பிள்ளையின் கணக்கில் அதே இடத்தில் ஒட்டினால் ஆட்டம் திரும்பி வரும். அங்கும் இல்லையென்றால் பழைய கேமாக இருக்கும்: பிள்ளையின் கணக்கில் ஆப்டேட்டா > லோக்கல் > விர்ச்சுவல்ஸ்டோர் ஃபோல்டரைப் பாருங்கள். 'ப்ரோகிராம் ஃபைல்ஸி'ல் எழுத முடியாத பழைய கேம்களின் கோப்புகளை விண்டோஸ் ஒவ்வொரு கணக்குக்கும் தனித்தனியாக அங்கேதான் ஒதுக்கி வைக்கிறது. ஆப்டேட்டா கண்ணில் படாது. ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் வியூ மெனு வழியாக 'ஹிட்டன் ஐட்டம்ஸ்' டிக் செய்ய வேண்டும்.

செய்யக் கூடாத இரண்டு

யுஏசி (இந்த அனுமதிப் பெட்டியைக் காட்டும் விண்டோஸ் வசதி) ஸ்லைடரைக் கீழே இறக்கினால் உங்கள் கணக்கில் பெட்டி வராது, உண்மைதான். ஆனால் அதனால் ஸ்டாண்டர்ட் கணக்குக்கு அட்மின் உரிமை கிடைத்துவிடாது. பிள்ளையின் சிக்கலும் தீராது, உங்கள் கணக்கின் பாதுகாப்பும் போகும்.

வேறொரு கணக்கின் பெயரில் மென்பொருளைத் திறக்கும் 'ரன்அஸ்' கட்டளையோடு, பாஸ்வேர்டைச் சேமித்து வைக்கும் 'சேவ்கிரெட்' சேர்த்து ஷார்ட்கட் செய்யச் சொல்லும் குறிப்புகள் இணையத்தில் நிறைய உண்டு. ஒருமுறை பாஸ்வேர்டு அடித்தால் போதும், பிறகு கேட்காது. அப்படிச் சேமித்த பாஸ்வேர்டு அந்த ஒரு கேமோடு கட்டுப்பட்டதல்ல. அதே கட்டளையில் கேமின் பெயரை மாற்றி, பிள்ளை எந்த மென்பொருளையும் உங்கள் உரிமையோடு திறக்கலாம்.

நண்பர்கள் வந்து சேர முடியவில்லை என்றால்

வீட்டு வைஃபையில் இரண்டு கணினிகளில் சேர்ந்து ஆடும்போது மட்டும் சிக்கல் என்றால் அது ஃபயர்வால், அதாவது இணைப்புகளை அனுமதிக்கும், தடுக்கும் விண்டோஸ் காவல். ஸ்டாண்டர்ட் கணக்கில் புது கேம் வெளியிலிருந்து வரும் இணைப்பை எதிர்பார்க்கும்போது விண்டோஸ் பெரும்பாலும் தடை விதியை எழுதிவிடும். அட்மின் கணக்கில் கன்ட்ரோல் பேனல் > விண்டோஸ் டிஃபெண்டர் ஃபயர்வால் > 'அலவ் அன் ஆப்' திறந்து, 'சேஞ்ச் செட்டிங்ஸ்' அழுத்தி, கேமின் பெயருக்கு நேரே 'ப்ரைவேட்' மட்டும் டிக் செய்யுங்கள். 'பப்ளிக்' டிக் வேண்டாம். அதோடு, செட்டிங்ஸில் உங்கள் வைஃபை 'ப்ரைவேட்' என்று குறிக்கப்பட்டிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் இந்த டிக் வேலைக்கே வராது.