ஒரே நிறத் துணி, ஒரு டம்ளர்: டர்ஹாம் குவில்ட் தைக்கலாம்

குவில்ட் என்றால் கலர் கலராக ஒட்டுப்போட்ட போர்வை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இங்கிலாந்தின் வடக்கே, டர்ஹாம், நார்தம்பர்லாந்து பக்கம் கதை வேறு. ஒரே நிறத்தில் முழுத்துணி, அதன்மேல் ஊசியை மேலும் கீழுமாக ஓட்டிப் போடும் ஓட்டுத் தையல், அவ்வளவுதான். தையல் விழுந்த இடம் பள்ளமாகும், மற்ற இடம் உப்பி நிற்கும். அந்த நிழல்தான் டிசைன். சுரங்கத்தில் கணவனைப் பறிகொடுத்த பெண்கள் பலர் இதைத் தைத்துக் குடும்பம் நடத்தினார்கள். அக்கம்பக்கத்தார் வாராவாரம் கொஞ்சம் பணம் கட்டி, தங்கள் முறை வரும்போது போர்வையை வாங்கிக்கொள்வார்கள். நம்மூர்ச் சீட்டேதான்! ஆண்களும் தைத்திருக்கிறார்கள். வார்டன் கிராமத்து ஜோசப் ஹெட்லி இதில் பேர்போனவர். 1826இல் அவரை யாரோ கொன்றுவிட்டார்கள். கொலையாளி அகப்படவே இல்லை. அவர் குடிசையை பீமிஷ் அருங்காட்சியகத்தில் மறுபடி கட்டி வைத்திருக்கிறார்கள்.

முதல் முயற்சிக்குப் போர்வை வேண்டாம். நாற்காலியில் போட ஒரு சின்ன விரிப்பு போதும்.

1. சாமான்கள். 50 செ.மீ. சதுரத்தில் வெளிர்நிறக் காட்டன் துணி இரண்டு. பூப்போட்ட துணி எடுத்தால் தையல் காணாமல் போய்விடும். நடுவில் வைக்க அதே அளவு காட்டன் வாடிங், அதாவது விரிப்பாக வரும் பஞ்சு. கிடைக்காவிட்டால் பழைய கம்பளி. அங்கேயும் அப்படித்தான் செய்தார்கள். குட்டையான ஊசி, காட்டன் நூல், விரலுறை, எம்ப்ராய்டரி வளையம், தண்ணீரில் போகும் பேனா.

2. டிசைன். ஒயின் கிளாஸின் வாயை வைத்து வட்டம் வரைவது அங்கே பழைய வழக்கம். நாம் 7 செ.மீ. வாயுள்ள டம்ளரை எடுப்போம். துணியில் 5 செ.மீ. இடைவெளியில் புள்ளி வையுங்கள்: 9 புள்ளி, 9 வரிசை, நேர்ப்புள்ளி. கோலம் போட்ட கைக்கு இது தண்ணீர் பட்ட பாடு. ஒரு கட்டத்தின் நான்கு மூலைப் புள்ளிகளையும் விளிம்பு தொடும்படி டம்ளரைக் கவிழ்த்து, ஒவ்வொரு கட்டத்திலும் வட்டம் வரையுங்கள். வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, இதழ் இதழாக வந்துவிடும்.

3. அடுக்குதல். அடித்துணி, வாடிங், மேல்துணி. நடுவிலிருந்து வெளியே, பெரிய பெரிய தையலாகத் தற்காலிகமாகப் பிடித்துவிடுங்கள். இதில் சோம்பல்பட்டால் கடைசியில் அடித்துணி சுருங்கி நிற்கும்.

4. தையல். வளையத்தில் துணியை மேளம்போல இழுக்கக் கூடாது. கொஞ்சம் தொய்வு வேண்டும். முழங்கை நீள நூல் போதும். முடிச்சை மேல்துணி வழியாக ‘டப்’பென்று இழுத்து வாடிங்குக்குள் ஒளித்துவிடுங்கள்.

இனி இடக்கை துணிக்கு அடியில். ஊசியை நெட்டுக்குத்தாக இறக்குங்கள். முனை அடிவிரலை லேசாகத் தொட்டதும், அந்த விரலால் துணியை மேலே தள்ளிக்கொண்டே ஊசியைப் படுக்க வையுங்கள். முனை மேலே எட்டிப் பார்க்கும். மறுபடி நெட்டுக்குத்து, மறுபடி படுக்கை. ஊசி தொட்டில்போல ஆட வேண்டும். மூன்று நான்கு தையல் ஏறியதும் நூலை இழுங்கள். அங்குலத்துக்கு ஐந்து வந்தால் தாராளம். பொடித் தையலைவிட ஒரே அளவுத் தையல்தான் எனக்கு அழகு. முதல் வாரம் அடிவிரல் புண்ணாகும், வேறு வழியில்லை.

வட்டம் வட்டமாகத் தைக்காதீர்கள். ஐந்தாவது வரிசையில் தொடங்கி, ஓர் இதழின் மேல்வளைவு, அடுத்ததன் கீழ்வளைவு என்று அலையாகப் போங்கள். விட்ட வளைவுகளைத் திரும்பி வரும்போது பிடித்துக்கொள்ளலாம். கிடைவரிசை முடிந்ததும் நெடுவரிசை.

விளக்கோ ஜன்னலோ பக்கவாட்டில் இருக்கட்டும். நேரே மேலிருந்து வெளிச்சம் விழுந்தால் நிழல் தெரியாது. டிசம்பரில் டர்ஹாமில் நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், ஜன்னலை நம்ப முடியாது.

5. ஓரம். வாடிங்கை ஒரு செ.மீ. உள்ளே வெட்டி, இரண்டு துணிகளின் ஓரத்தையும் எதிரெதிரே உள்ளே மடித்து, சுற்றிலும் இரண்டு வரி ஓட்டுத் தையல். டர்ஹாம் பாணி இதுதான்.

அப்புறம், பச்சைத் தண்ணீரில் அலசிக் கோடுகளைப் போக்குங்கள். தண்ணீரில் போகும் நீலப் பேனாவால் வரைந்துவிட்டு, அலசுமுன் அயர்ன் பாக்ஸை வைத்தேன் நான். சூடு பட்ட கோடு அப்படியே பிடித்துக்கொண்டது. அந்த விரிப்பு இப்போது பூனைக்கு.