சர்வீஸ் விழுந்தா தானா எழணுமா? முதல்ல ரீஸ்டார்ட்ல கை வைக்காதீங்க

சர்வீஸ் உயிரோட இருக்கான்னு பாக்குறது வேற, வேலை செய்யுதான்னு பாக்குறது வேற, இதுல குழம்பித்தான் நானும் ஒருநாள் ராத்திரி 2 மணிக்கு லேப்டாப்ப தொறந்தேன்.

குபெர்னெட்டீஸ்ல (ஆப்ப பேக் பண்ணி ஓட்டுற கன்டெய்னர்கள நிர்வகிக்கிற சிஸ்டம்) லைவ்னஸ் ப்ரோப், அதாவது உயிரோட இருக்கான்னு பாக்குற செக், ஃபெயிலானா கன்டெய்னர கொன்னுட்டு மறுபடி கிளப்பும், ரெடினஸ், அதாவது வேலை செய்ய ரெடியான்னு பாக்குற செக், ஃபெயிலானா அந்த பாடுக்கு (pod, கன்டெய்னர் ஓடுற யூனிட்) வர்ற ட்ராஃபிக்க மட்டும் நிறுத்தும். நான் பண்ண கூத்து என்னன்னா லைவ்னஸ் செக்குக்குள்ளயே ஒரு டேட்டாபேஸ் கொயரிய வச்சுட்டேன். டீஃபால்ட்டா 10 செகண்டுக்கு ஒரு செக், 1 செகண்ட் டைம்அவுட், தொடர்ந்து 3 தடவ ஃபெயிலானா ரீஸ்டார்ட். டேட்டாபேஸ் லேசா திணறுச்சு, அரை நிமிஷத்துல எல்லா பாடும் ஒண்ணா செத்து ஒண்ணா எழுந்து எல்லாம் புது கனெக்‌ஷன் கேட்டு நிக்க, திணறிட்டு இருந்தது மொத்தமா படுத்துருச்சு. அதனால லைவ்னஸ்ல அந்த ப்ராசஸ் ஹேங் ஆயிருச்சான்னு மட்டும் பாருங்க, வேற எவனப்பத்தியும் கேக்காதீங்க.

மானிட்டரிங்ல ரிக்வெஸ்ட் எண்ணிக்கை, எரர், லேட்டன்சி (பதில் வர ஆகுற நேரம்) மூணும் போதும் ஆரம்பத்துக்கு. ஆனா லேட்டன்சிக்கு ஆவரேஜ நம்பாதீங்க. 100 ரிக்வெஸ்ட்ல 98 வந்து 50 மில்லிசெகண்ட், 2 மட்டும் 5 செகண்ட்னா ஆவரேஜ் 149 மில்லிசெகண்ட்னு சமத்தா காட்டும், அந்த ரெண்டு பேர் திட்டிட்டு இருப்பாங்க. பி99 (100 ரிக்வெஸ்ட்ல 99 இந்த நேரத்துக்குள்ள முடியும்ங்கிற அளவு) போட்டா 5 செகண்ட்னு பளிச்சுனு தெரியும்.

அடுத்து ரீட்ரை, அதாவது ஃபெயிலானத மறுபடி முயற்சி பண்றது, இதுதான் பெரிய வில்லன். டேட்டாபேஸுக்கு மேல மூணு சர்வீஸ் வரிசையா இருக்கு, ஒவ்வொண்ணும் ஃபெயிலானா இன்னும் 3 தடவ முயற்சி பண்ணும்னா 4×4×4, ஒரே ஒரு யூசர் க்ளிக்குக்கு டேட்டாபேஸ் மேல 64 அடி வரைக்கும் விழலாம். ரீட்ரைய ஒரே ஒரு லேயர்ல வைங்க, ஒவ்வொரு தடவையும் காத்திருக்கிற நேரத்த இரட்டிப்பாக்குங்க, அதோட கொஞ்சம் ஜிட்டர் (காத்திருக்கிற நேரத்துல சின்ன ரேண்டம் வித்தியாசம்) சேருங்க, இல்லன்னா எல்லா க்ளையன்ட்டும் ஒரே நொடியில திரும்பி வந்து முட்டும். பேமென்ட் மாதிரி விஷயத்துக்கு ஐடெம்பொட்டன்சி கீ (இது ஏற்கனவே வந்த அதே ரிக்வெஸ்ட்தான்னு காட்டுற அடையாள நம்பர்) இல்லாம ரீட்ரையே வேணாம், ரெண்டு தடவ காசு புடிச்சிரும்.

சர்க்யூட் பிரேக்கர் (ஃபெயிலாகிட்டே இருக்கிற சர்வீஸுக்கு போற கால கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்கிறது) போடுறவங்க ஒண்ண கவனிங்க: ரெசிலியன்ஸ்4ஜேங்கிற ஜாவா லைப்ரரில டீஃபால்ட்டா குறைஞ்சது 100 கால் வந்தாதான் ஃபெயிலியர் ரேட்டையே கணக்கு போடும், அதுக்கப்புறம்தான் 50 சதவீதத்த எட்டுச்சான்னு பாக்கும். ட்ராஃபிக் கம்மியான சர்வீஸ்ல அது ரொம்ப லேட்டாதான் முழிக்கும், அந்த நம்பர 10, 20னு கொறச்சுக்கோங்க.

எல்லாம் போட்டு முடிச்சதும் ஸ்டேஜிங்ல (நிஜ யூசர் வராத சோதனை செட்டப்) ஒரு pod-அ கொன்னு பாத்துட்டு ஓகேன்னு போயிடாதீங்க. செத்த சர்வீஸ் உடனே எரர் குடுத்துரும், சாகாம இழுக்கிறதுதான் அத கூப்பிட்ட சர்வீஸோட த்ரெட்டெல்லாம் (ரிக்வெஸ்ட்ட கவனிக்கிற வேலையாட்கள் மாதிரி) புடிச்சு வச்சுக்கும். ஒரு டிபெண்டன்சிக்கு (உங்க சர்வீஸ் நம்பி இருக்கிற வேற சர்வீஸ்) 8 செகண்ட் டிலே சேத்துட்டு டாஷ்போர்ட் முன்னாடி உக்காருங்க, எந்த டைம்அவுட்ட மறந்தீங்கன்னு அங்க தெரிஞ்சிரும்.