டர்போ வண்டிக்கு எத்தனை இன்ச் எக்ஸாஸ்ட் பைப் போடலாம்?

எக்ஸாஸ்ட் மாற்றப் போகிறவர்கள் எடுத்த எடுப்பிலேயே "மூணு இன்ச் போட்டுடலாமா" என்றுதான் கேட்கிறார்கள். வண்டி எத்தனை குதிரைத்திறன் தரப்போகிறது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள், பைப் அளவு அதிலிருந்துதான் வரும்.

"கொஞ்சம் பேக் பிரஷர் (புகை வெளியேறுவதற்கு எதிரான அழுத்தம்) இருக்கணும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். டர்போவுக்குள் புகையால் சுழலும் சக்கரமான டர்பைனைச் சுற்ற வைப்பதே அதற்கு முன்னாலும் பின்னாலும் உள்ள அழுத்த வித்தியாசம்தான், பின்னால் அடைத்தால் பூஸ்ட் (டர்போ என்ஜினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தம்) ஏறத் தாமதமாகும். ஆனால் டர்போவுக்கு முன்னால், என்ஜினிலிருந்து புகையைக் கொண்டுவரும் மேனிஃபோல்டைப் பெரிதாக்கிவிடாதீர்கள், அங்கே வாயு சூடாகவும் வேகமாகவும் இருக்க வேண்டும்.

கணக்கு எளிதுதான். பைப்பின் உள் பரப்பில் ஒரு சதுர இன்ச்சுக்குச் சுமார் 50 குதிரைத்திறன் என்று வையுங்கள். கடையில் சொல்லும் அளவு வெளிவிட்டம், அதனால் தகட்டின் தடிமனைக் கழித்துவிட்டுத்தான் கணக்குப் போட வேண்டும். 1.5 மி.மீ. தகடு என்றால் இரண்டேகால் இன்ச் பைப்பின் உள்ளே 3.6 சதுர இன்ச், இரண்டரைக்கு 4.5, மூன்றுக்கு 6.5. ஆக்டேவியா 1.8 டிஎஸ்ஐ-யை எடுத்துக்கொள்வோம்: கம்பெனியிலிருந்து வந்தபோது 180 குதிரைத்திறன், அதற்கு இரண்டேகால் விளிம்பில்தான் நிற்கும், இரண்டரை தாராளம். ரீமேப் செய்து (என்ஜின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றி) 220 வரை போனாலும் இரண்டரையே போதும், 300-ஐ நினைப்பவர்கள்தான் மூன்றுக்குப் போக வேண்டும்.

இன்னொன்று, முழு நீளத்துக்கும் ஒரே அளவு தேவையில்லை. டர்போவை விட்டு 800 டிகிரியில் வெளியேறும் வாயு பின்னால் போகப்போக ஆறி 400-க்கு வந்தால், அதன் கன அளவு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். அதனால் டவுன்பைப்பை (டர்போவை ஒட்டி வரும் முதல் குழாய்) மட்டும் மூன்றாக வைத்து, பின்பகுதியை இரண்டரையில் முடிப்பது நல்ல வழி, சத்தமும் எடையும் கொஞ்சம் குறையும்.

அப்புறம் வளைவுகள். சாதாரண மெஷினில் வளைத்தால் பைப் வளைவில் நசுங்கிவிடும், காசு கொடுத்து வாங்கிய மூன்று இன்ச் அந்த இடத்தில் மூன்றாக இருக்காது. நான் முதன்முதலில் போட்ட எக்ஸாஸ்டில் நான்கு வளைவும் இப்படித்தான் நசுங்கியிருந்தன, கழற்றி மறுபடி செய்ய வேண்டியதாயிற்று. உள்ளே தண்டு விட்டு நசுங்காமல் வளைக்கும் மாண்ட்ரல் வளைவுதான் வேண்டும் என்று அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

இப்போது இருக்கும் பைப் உண்மையிலேயே தடுக்கிறதா என்று சந்தேகமாக இருந்தால் அளந்தே பார்த்துவிடலாம். டர்போவை ஒட்டி டவுன்பைப்பில் ஒரு நட்டு வெல்டிங் செய்து, நீளமான உலோகக் குழாய் வழியாக (ரப்பர் குழாய் நேரடியாக மாட்டினால் உருகிவிடும்) பிரஷர் கேஜ் மாட்டி, டைனோவில் (வண்டியின் திறனை அளக்கும் மெஷின்) முழு பூஸ்டில் ஓட்டுங்கள். 2 பிஎஸ்ஐ-க்குள் இருந்தால் பைப்பை விட்டுவிடுங்கள், செலவு வேண்டாம்.

பெரிதாக்கிய பிறகு பூஸ்டைக் கட்டாயம் கவனியுங்கள். பின்னால் தடை குறைந்ததும் டர்பைன் வேகம் கூடும், வேஸ்ட்கேட் (அதிகப்படி வாயுவை டர்பைனுக்குப் போகவிடாமல் திருப்பிவிடும் வால்வு) சிறியதாக இருந்தால் அவ்வளவு வாயுவையும் திருப்பிவிட முடியாமல் பூஸ்ட் தானாக மேலே ஏறும், பிஸ்டன் போவது இப்படித்தான். கேட்டலிடிக் கன்வர்ட்டரை (புகையின் நச்சைக் குறைக்கும் பாகம்) கழற்றவே கழற்றாதீர்கள், அது சட்டப்படி தவறு, பின்னால் வருகிறவர் மூச்சில்தான் அந்தப் புகை போகும்.

முழு வெல்டிங்குக்கு முன், டேக் அடித்த (அங்கங்கே புள்ளியாக மட்டும் வெல்டிங் வைத்த) நிலையிலேயே நாலு பேரை உள்ளே உட்கார வைத்து, கீழே குனிந்து தரைக்கும் பைப்புக்கும் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று பாருங்கள். நம் ஊர் ஸ்பீடு பிரேக்கரில் முதலில் இடிப்பது அந்த மூன்று இன்ச்தான்.