சனி ஞாயிறு கொத்து வேலைக்கு வரும் பெண்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் செஞ்சி பக்கம் ஒரு கிராமத்துக்குப் போயிருந்தேன். கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு வீடு வந்திருக்கிறது. அரசு தருவது 3.5 லட்சம், கட்ட வேண்டியது 360 சதுர அடி. இன்றைய கூலிக்கும் செங்கல் விலைக்கும் கையைக் கடிக்கும் கணக்கு அது. அதனால் சென்னையிலிருந்து பத்துப் பன்னிரண்டு பெண்கள் சனி, ஞாயிறு வந்து கூலி வாங்காமல் வேலை செய்கிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் அங்கே நின்ற அரைமணி நேரத்தில், 2019இல் இப்படி நான் வேலைக்குப் போன முதல் வீட்டில் செய்த தவறுகளையெல்லாம் வரிசையாகப் பார்த்துவிட்டேன்.

ஹெல்மெட் போடுங்கள், துப்பட்டாவை இழுத்துக் கட்டுங்கள், செங்கலைத் தூக்கி எறியாதீர்கள் என்றெல்லாம் எழுதப் போவதில்லை. அது உங்களுக்கே தெரியும்.

திங்கள்கிழமை சுவருக்குத் தண்ணீர் அடிப்பது யார்?

இதைக் கேட்காமல் முதல் கல்லை வைக்காதீர்கள்.

2019 மே மாதம், அக்னி நட்சத்திரம். கணவனை இழந்த ஒரு அம்மாவுக்கும் அவருடைய இரண்டு பிள்ளைகளுக்கும் வீடு. நாங்கள் பதினாறு பேர். ஜன்னல் மட்டத்துக்கு மேலே இரண்டு சுவர்களைச் சனி, ஞாயிறில் எழுப்பிவிட்டோம். மேஸ்திரி மூலையைப் பிடித்தார், நாங்கள் நூல் கட்டி நடுவில் கல் வைத்தோம். தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால் நேராக நிற்கிறது! அந்தப் பெருமையிலேயே ஞாயிறு சாயங்காலம் பஸ் ஏறிவிட்டோம். கிளம்பும்போது அங்கே வேலை செய்த சித்தாள் அக்கா இரண்டு தடவை கேட்டார், “தண்ணி அடிக்க ஆளு சொல்லியிருக்கியாம்மா?” “பார்த்துக்கலாம்க்கா” என்றேன். இன்றைக்கும் அந்தப் பதிலை நினைத்தால் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

அடுத்த சனிக்கிழமை போய் இணைப்பில் நகத்தால் கீறினேன். கலவை மணலாக உதிர்ந்தது. மேஸ்திரி கரணையை விட்டு ஒரு நெம்பு நெம்ப, கல் அப்படியே கழன்று கையில் வந்தது. பிரித்துத்தான் ஆக வேண்டும் என்றார். எண்ணூறு கல்லில் முழுசாகத் திரும்பக் கிடைத்தது 500. மூன்று மூட்டை சிமெண்ட் போச்சு. பிரிக்கவும் திரும்பக் கட்டவும் ஆள் கூலி வேறு. எல்லாம் சேர்த்துக் கிட்டத்தட்ட 12,000 ரூபாய். இலவசமாக உழைக்கிறோம் என்று போனவர்கள் அந்த அம்மாவுக்கு வைத்த செலவு அது. நாங்கள் பங்கு போட்டுக் கொடுத்தோம் என்பது வேறு விஷயம். கொடுக்காமல் போகிற குழுக்களும் உண்டு.

காய்ந்தால் இறுகும் என்பது களிமண்ணுக்குச் சரி. சிமெண்ட் காய்ந்து இறுகுவதில்லை, தண்ணீரோடு வினைபுரிந்து இறுகுகிறது. ஈரம் போய்விட்டால் அந்த வினை பாதியில் நின்றுவிடும். போதாததற்கு நாங்கள் கல்லையும் ஊறவைக்கவில்லை. காய்ந்த செங்கல் கலவையில் உள்ள தண்ணீரை உறிஞ்சிக் குடித்துவிடும். தொட்டியில் போட்ட கல்லிலிருந்து குமிழி வருவது நிற்கும்வரை ஊறட்டும்.

சுவருக்கு மறுநாள் காலையிலிருந்து குறைந்தது 7 நாள் ஈரம் வேண்டும். கடையில் இப்போது கிடைப்பது பெரும்பாலும் சாம்பல் கலந்த பிபிசி சிமெண்ட். அது மெதுவாக வலுப்பெறும். வெயில் காலமும் சேர்ந்தால் நான் 10 நாளுக்குக் குறைய ஒத்துக்கொள்வதில்லை. கூரைத் தளத்துக்குப் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள். சுவரில் நனைத்த சாக்கைத் தொங்கவிட்டால் தண்ணீரும் மிச்சம், வேலையும் மிச்சம்.

அப்புறம், “வீட்டுக்காரங்க அடிச்சுப்பாங்க” என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். வீட்டுக்கார அம்மா காலையில் கூலி வேலைக்குப் போனால் மதியத்துக்கு மேல்தான் திரும்புவார். கைபம்பு தெருக்கோடியில். கடைசியில் குடம் தூக்குவது எட்டாவது படிக்கிற பெண்ணாக இருக்கும். ஒரு 200 லிட்டர் டிரம் வாங்கிப் போடுங்கள். பக்கத்து வீட்டில் யாரையாவது பிடித்து, காலை மாலை தண்ணீர் அடிக்கக் கூலி பேசிக் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள். ஆள் கிடைக்கவில்லையா? அந்த வாரம் சுவர் எழுப்பாதீர்கள். மணல் சலியுங்கள், கம்பி கட்டுங்கள், குழி தோண்டுங்கள்.

போன மாதம் பார்த்த குழுவிடமும் இதையே கேட்டேன். வேலைப் பட்டியலை போனில் காட்டினார்கள். சாப்பாடு யார், போட்டோ யார் என்பதுவரை இருந்தது. திங்கள் முதல் வெள்ளி வரை காலி.

ஒரே நாளில் சுவரை லிண்டல் வரை (கதவு, ஜன்னலுக்கு மேல் வரும் பட்டை மட்டம்) ஏற்றுவது

வேண்டாம். ஒரு நாளைக்கு ஐந்தடி, அதற்கு மேல் ஒரு வரிகூட ஏற்றாதீர்கள்.

இறுகிய கலவை

தண்ணீர் விட்டுப் பிசைந்து மறுபடி வைக்காதீர்கள். கொட்டிவிடுங்கள்.

50 கிலோ மூட்டை

இரண்டு பேர் தூக்குங்கள். வீம்பு முதுகோடு போய்விடும்.

சித்தாளை வேடிக்கை பார்க்க வைப்பது

நாம் கரணை பிடித்துப் படம் எடுத்துக்கொள்கிறோம். இருபது வருடமாகக் கலவை போடும் அக்கா பாண்டு சட்டியோடு ஓரமாக நிற்கிறார். தமிழ்நாட்டில் கட்டட வேலைக்குப் போகும் பெண்களில் பெரும்பாலோர் கடைசிவரை சித்தாளாகவே இருந்துவிடுகிறார்கள். ஜார்க்கண்டில் கிராமத்துப் பெண்களுக்கே கொத்து வேலை கற்றுக்கொடுத்து, ‘ராணி மிஸ்திரி’ என்று பெயரும் வைத்தார்கள். கேரளத்தில் குடும்பஸ்ரீ பெண்கள் குழுவாகச் சேர்ந்து முழு வீடே கட்டுகிறார்கள். உங்கள் தளத்தில் ஒரு மூலையாவது அந்த அக்கா கட்டட்டும், நீங்கள் சட்டி தூக்குங்கள். மேஸ்திரி முறைப்பார். முறைக்கட்டும்.

கழிப்பறையைக் கடைசிக்குத் தள்ளுவது

ஒதுங்க இடமில்லை என்று காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வேலை செய்த பெண்கள் மயங்கி விழுந்ததை மூன்று தளங்களில் பார்த்திருக்கிறேன். எப்படியும் அந்த வீட்டுக்குக் கழிப்பறை உண்டு. அதை முதலில் கட்டுங்கள். கதவுக்குத் தகரம் போதும்.

சமையல் மேடையை வரைபடப்படி கட்டுவது

ஒரு வீட்டின் வரைபடத்தில் இரண்டரை அடி உயரம் என்று இருந்தது. அந்த வீட்டு அம்மாவோ நாலரை அடி உயரம்தான் இருப்பார். ஒரு மேடையை அப்படியே கட்டி முடித்த பிறகுதான், அதன் மேல் அடுப்பை வைத்தால் சோற்றுப்பானைக்குள் எட்டிப் பார்க்கக் குதிகாலைத் தூக்க வேண்டும் என்று தெரிந்தது. அடுத்த வீட்டில் மேடைக்குக் கல் அடுக்கும் முன்னால் அந்த வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டுச் சுவரோரம் நிற்கச் சொன்னோம். கரண்டி பிடிப்பதுபோல் கையை மடக்கிக் காட்டினார். அந்த உயரத்துக்குக் கீழே கரித்துண்டால் ஒரு கோடு இழுத்தேன். அவர் உற்றுப் பார்த்துவிட்டு, “இன்னும் ரெண்டு விரக்கடை கீழ” என்றார்.