மாத்திரை போட்டேனா, போட நினைத்தேனா?

காலைச் சாப்பாடு முடிந்ததும் ரத்த அழுத்த மாத்திரையைப் போட வேண்டும் என்று எண்ணிக்கொண்டே தட்டைக் கழுவப் போகும் ஒருவர், பதினொரு மணிக்கு அந்த மாத்திரையைப் போட்டோமா இல்லையா என்று திகைத்து நிற்பதுண்டு. உளவியலில் இந்தத் திகைப்பின் இரண்டு பாதிகளைப் பெரும்பாலும் தனித்தனியாகவே ஆராய்ந்து வந்திருக்கிறார்கள். செய்ய எண்ணியதை உரிய நேரத்தில் நினைவுக்குக் கொண்டுவருவது எதிர்நோக்கு நினைவு. நடக்காததை நடந்ததாக நினைவுகொள்வது போலி நினைவு. (பின்னதைப் பொய் நினைவு என்றும் எழுதுகிறார்கள். அந்த நினைவை உடையவர் யாரையும் ஏமாற்ற முனைவதில்லை என்பதால் நான் அச்சொல்லைத் தவிர்க்கிறேன்.) இவ்விரண்டையும் கையாள்வதில் நாம் செய்யும் தவறுகளில் பல ஒரே இடத்திலிருந்து பிறக்கின்றன: மனத்தில் தோன்றும் உறுதியை நாம் சாட்சியமாக எடுத்துக்கொள்கிறோம்.

எண்ணம் வலுவாக இருந்தால் வேலை தானாக நடந்துவிடும் என்று நம்புவது முதல் தவறு. மறந்துபோன வேலை என்னவென்று கேட்டால் நம்மால் உடனே சொல்லிவிட முடிகிறது. அது வரவேண்டிய நொடியில் வரவில்லை என்பதுதான் சிக்கல். ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரும் வெரோனிகா பிராண்ட்ஸ்டேட்டரும் 1997-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாளை எப்படிக் கழித்தோம் என்ற அறிக்கையை அடுத்த 48 மணி நேரத்துக்குள் எழுதி அனுப்புமாறு மாணவர்களிடம் கேட்டார்கள். எந்த நேரத்தில், எந்த இடத்தில் எழுதப்போகிறோம் என்பதை முன்கூட்டியே முடிவுசெய்தவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினரும், அவ்வாறு முடிவுசெய்யாதவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரும் குறித்த காலத்துக்குள் எழுதினார்கள். ஆகவே ‘இன்று மறக்கவே கூடாது’ என்று உறுதி பூணுவதைவிட, ‘காபி டம்ளரைக் கீழே வைத்ததும் மாத்திரை அட்டையை எடுப்பேன்’ என்று ஒரு செயலோடு இன்னொன்றை முடிந்துவைப்பது பயன் தரும்.

முதுமையில் இந்த நினைவு பொதுவாகவே தேய்ந்துவிடும் என்று எண்ணுவதும் அவசரமான முடிவுதான். கில்ஸ் ஐன்ஸ்டைனும் மார்க் மெக்டேனியலும் 1990-இல் நடத்திய சோதனையில், வேறொரு வேலையில் ஈடுபட்டிருக்கும்போது குறிப்பிட்ட சொல் கண்ணில் பட்டால் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும் என்று சொல்லப்பட்டிருந்தது. அதில் முதியோர் இளைஞரைவிடப் பின்தங்கவில்லை. எந்தக் குறிப்பும் இல்லாமல் நேரத்தைத் தாமே கவனித்துச் செய்யவேண்டிய வேலைகளில்தான், பின்னர் வந்த சோதனைகளில், பின்னடைவு தெளிவாகத் தெரிந்தது. அப்பாவின் மறதியைக் கண்டு கலங்குமுன், அவருக்கு நினைவூட்டும் பொருள் ஏதாவது கண்ணெதிரே இருந்ததா என்று பார்ப்பது நியாயம்.

இனி வருவதே எனக்கு மிகவும் சுவையான தவறு. மறக்காமல் இருப்பதற்காகச் செயலை மனக்கண்ணில் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பவர்கள் உண்டு. லின் காஃப், ஹென்றி ரோடிகர் ஆகியோர் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், பல்குச்சியை உடைப்பது போன்ற சிறுசிறு செயல்களில் சிலவற்றைப் பங்கேற்றவர்கள் செய்தார்கள், சிலவற்றைக் கற்பனை மட்டும் செய்தார்கள், சிலவற்றைச் சொல்லக் கேட்டதோடு நிறுத்திக்கொண்டார்கள். அடுத்த அமர்வில் அவற்றை ஒரு முறை, மூன்று முறை, ஐந்து முறை எனக் கற்பனை செய்யவைத்து, முதல் நாளில் உண்மையாகச் செய்தவை எவை என்று பின்னர் கேட்டபோது, கற்பனையின் எண்ணிக்கை கூடக் கூட, செய்யாததைச் செய்ததாகச் சொல்வதும் கூடியது. நினைவோடு ‘இது நடந்தது’, ‘இது நினைத்தது’ என்ற முத்திரை எதுவும் ஒட்டப்பட்டிருப்பதில்லை. அதில் இருக்கும் நிறம், ஒலி, தொடுவுணர்வு ஆகியவற்றைக் கொண்டு மூளை பின்னர் தீர்மானித்துக்கொள்கிறது என்பது மார்சியா ஜான்சன் 1980-களிலிருந்து வளர்த்தெடுத்த விளக்கம். தினமும் ஒரே மாதிரி நடக்கும் செயலுக்கு இந்தத் தீர்மானம் இன்னும் கடினமாகிறது, ஏனெனில் நேற்றைய மாத்திரையின் நினைவும் இன்றைய எண்ணத்தின் நினைவும் பெரும்பாலும் ஒரே சாயலில் இருக்கின்றன. எனவே முன்கூட்டித் திட்டமிடும்போது வேலையைத் தூண்டும் அடையாளத்தை மனத்தில் பதித்துக்கொண்டால் போதும். விழுங்குவதையும் தண்ணீர் குடிப்பதையும் பத்து முறை ஓட்டிப் பார்க்கவேண்டியதில்லை. கிழமை எழுதிய மாத்திரைப் பெட்டி இந்தக் குழப்பத்தை நினைவிடமிருந்தே பறித்துவிடுகிறது. ஐயம் தீராதபோது இன்னொன்றைப் போட்டுக்கொள்ளாமல் மருத்துவரையோ மருந்தாளுநரையோ கேட்பதே முறை.

ஐயத்தைத் தீர்க்கத் திரும்பத் திரும்பச் சரிபார்ப்பது எதிர்விளைவைத் தருகிறது. நெதர்லாந்தின் மார்சல் வான் டென் ஹவுட், மெரல் கிண்ட் ஆகியோர் 2003-இல் கணினித் திரையில் ஒரு எரிவாயு அடுப்பை உருவாக்கி, பங்கேற்றவர்களை அதை இருபது முறை சரிபார்க்கவைத்தார்கள். கடைசிச் சரிபார்ப்பைப் பற்றி அவர்கள் சொன்ன விடை கெடவில்லை. ஆனால் அந்த நினைவின் தெளிவும் அதன்மீது அவர்களுக்கு இருந்த நம்பிக்கையும் சரிந்தன. கதவைப் பூட்டிவிட்டு வாசலுக்கும் தெருவுக்கும் நடப்பவர்கள் தங்கள் நினைவாற்றலைப் பழிக்கவேண்டியதில்லை. அந்த நடையே நினைவை மங்கச் செய்கிறது.

தெளிவாகத் தெரிகிறது, ஆகவே நடந்திருக்க வேண்டும் என்ற வாதமும் நிற்பதில்லை. 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்கலம் வெடித்தது. மறுநாள் காலையில் எமரி பல்கலைக்கழக மாணவர்களிடம் அந்தச் செய்தியை எப்படி அறிந்தார்கள் என்று ஊல்ரிக் நைசரும் நிக்கோல் ஹார்ஷும் எழுதி வாங்கி, ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகளுக்குப் பின் அவர்களில் 44 பேரிடம் மறுபடியும் கேட்டார்கள். இரண்டு விடைகளும் எவ்வளவு ஒத்துப்போயின என்பதற்கான மதிப்பெண் ஏழுக்குச் சராசரி 2.95 மட்டுமே, 11 பேர் பூச்சியம். தங்கள் கையெழுத்தையே காட்டிய பிறகும் அவர்களுக்குப் பழைய நினைவு மீளவில்லை.

பிறரிடம் கேட்கும் முறையிலும் தவறுகிறோம். எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் 1974-இல் கார் விபத்துக் காட்சியைப் பார்த்தவர்களிடம் வேகத்தைக் கேட்டபோது, ஒரு குழுவினருக்குக் கார்கள் ‘மோதி நொறுங்கியபோது’ என்றும் இன்னொரு குழுவினருக்கு ‘இடித்தபோது’ என்றும் பொருள்படும் சொற்களைப் பயன்படுத்தினார்கள். ஒரு வாரம் கழித்து, காட்சியில் இல்லவே இல்லாத உடைந்த கண்ணாடியைப் பார்த்ததாக முதல் குழுவின் 50 பேரில் 16 பேரும், இரண்டாம் குழுவின் 50 பேரில் 7 பேரும் சொன்னார்கள். தமிழில் இந்த வேலையைச் செய்ய வினைச்சொல்கூடத் தேவைப்படாது என்று தோன்றுகிறது, ‘மாத்திரை போட்டீங்கதானே?’ என்பதில் அந்தத் ‘தானே’ ஒன்றே விடையை எடுத்துக் கையில் கொடுத்துவிடுகிறது. பாட்டியிடம் ‘காலையில் சாப்பிட்ட பிறகு என்ன செய்தீங்க?’ என்று கேட்டுவிட்டு, அட்டையை எண்ணிப் பார்ப்பது மேல்.

இவற்றையெல்லாம் படித்தபின் எந்த நினைவையும் நம்பக் கூடாது என்று எழுதிவிடுவது ஆய்வுகளைக் கையாள்வதில் அடிக்கடி நேரும் பிழை. லாஃப்டஸும் ஜாக்குலின் பிக்ரெலும் 1995-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு வழக்கமாகக் காட்டப்படும் சான்று. சிறுவயதில் வணிக வளாகத்தில் தொலைந்துபோனதாக ஒரு கற்பனை நிகழ்வை, குடும்பத்தார் சொன்ன உண்மை நிகழ்வுகளோடு கலந்து கொடுத்தபோது, 24 பேரில் 6 பேர் அதை முழுமையாகவோ பகுதியாகவோ நினைவிருப்பதாகச் சொன்னார்கள் என்பது பரவலாக மேற்கோள் காட்டப்படுகிறது. மற்ற 18 பேர் ஏற்கவில்லை என்பதும், 24 பேருக்கும் சேர்த்துக் கொடுத்த உண்மை நிகழ்வுகள் 72-இல் 49 நினைவில் இருந்தன என்பதும் அதே கட்டுரையில் இருக்கின்றன.