நையாண்டி, காதல், சாகசம்: ஆங்கில நாவல்களைச் சோடியாக வாசிப்பது எப்படி?

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் உயர்தரத்துக்கு ஆங்கில இலக்கியம் எடுக்கும் மாணவர்கள் பலர், எந்த நூற்றாண்டில் எந்த வகை எழுத்து ஓங்கியிருந்தது என்ற அட்டவணையை மனனம் செய்வதிலிருந்தே தொடங்குகிறார்கள். அந்த அட்டவணை பரீட்சைக்கு முதல்நாள் உதவும். ஒரு நாவல் யாரோடு வாதாட எழுந்தது என்பதை அது காட்டாது. ஆகவே, ஒரு நூலையும் பின்வந்து அதற்கு மறுமொழி சொன்ன நூலையும் சோடியாக எடுத்து வாசியுங்கள்.

முதலில் 'ரொமான்ஸ்' என்ற சொல்லைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். போர்க்கதை பெரும்பாலும் வடமோடிக்கு, காதற்கதை தென்மோடிக்கு என்று கூத்திலே பிரித்துப் பழகிய நமக்கு இது சற்றுத் தடுமாற்றம் தரும். 1485இல் இங்கிலாந்தின் முதல் அச்சாளரான கக்ஸ்டன் அச்சிட்ட ஆர்தர் மன்னன் கதைகளில் வாட்போரும் காதலும் ஒரே களரியில் ஆடுகின்றன. அவ்வகைக் கதைகளுக்கே ரொமான்ஸ் என்று பெயர். காதலை மட்டும் குறிக்கும் வழக்கு பிற்பட்டது.

நையாண்டிக்கு, முதற்சோடியாக டீஃபோவின் ரொபின்சன் குரூசோவையும் (1719) சுவிஃப்டின் கலிவர் பயணங்களையும் (1726) எடுங்கள். இரண்டின் தொடக்கப் பந்திகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள்: இரு கதாநாயகர்களுமே மூன்றாம் மகன்கள், இரு நூல்களும் பயணியே எழுதியவை போல வெளிவந்தவை. குரூசோ தன் தீவில் நன்மை தீமைகளைக் கடைக்கணக்குப் போல இரு நிரலாக எழுதுகிறான். அங்கே தான் காப்பாற்றிய பிரைடே என்பவனுக்கு அவன் ஆரம்பத்திலேயே கற்பிக்கும் சொற்களில் ஒன்று 'எசமான்'. கலிவரும் அதே நிதானத்தோடு அளந்து எழுதுகிறான், ஆனால் அவன் அளப்பது ஆறு அங்குலமும் இல்லாத மனிதர்களையும், முட்டையை எந்த முனையில் உடைப்பது என்பதற்காக அவர்கள் நடத்தும் போரையும். நமது கொம்புமுறி விளையாட்டில் வடசேரியார், தென்சேரியார் என்ற இரு அணியினரும் பாடும் வசை நேரடியானது. சுவிஃப்டோ முகத்தில் சிரிப்பே காட்டமாட்டார். எனவே கலிவர் எதையாவது பெருமையாகச் சொல்லும் இடங்களில் பென்சிலால் கோடிடுங்கள், அங்கேதான் கத்தி இருக்கிறது. (1660இல் நமது கிழக்குக் கரையின் கொட்டியாரத்தில் பிடிபட்ட ஆங்கிலேய மாலுமி ரொபர்ட் நொக்சின் கதையைத் தமது இன்னொரு நாவலில் சுருக்கித் தந்தவரும் இதே டீஃபோதான்.)

காதலுக்கு, 1817இன் இறுதியில் வெளிவந்த ஜேன் ஒஸ்டினின் நோர்தாங்கர் அபே ஒன்றே போதும். அது வாதாடும் திகில் நாவல்களை அதன் நாயகி கதரீனே நமக்காக வாசித்துவிடுகிறாள். நள்ளிரவில் அலுமாரிக்குள் அவள் கண்டெடுக்கும் மர்மச் சுருள், விடிந்ததும் சலவைக் கணக்காகிவிடுகிறது. அங்கே சிரித்துவிட்டு மூடிவைக்காதீர்கள். அவள் விருந்தாளியாகத் தங்கும் அந்த வீட்டில் பேய் இல்லை. ஆனால் அவளிடம் எதிர்பார்த்த சொத்து இல்லை என்று அறிந்ததும், 70 மைல் தூரம் தனியே போகும்படி அவளை வெளியேற்றும் வீட்டுக்காரத் தளபதி இருக்கிறார்.

சாகசத்துக்குப் பலன்டைனின் பவளத்தீவும் (1857) கோல்டிங்கின் ஈக்களின் பிரபுவும் (1954) பொருந்தும். தீவில் ஒதுங்கும் பையன்களில் ரால்ப், ஜாக் என்ற பெயர்கள் இரண்டிலும் வருகின்றன. முதல் நூலில் கொடுமை வெளியிலிருந்து வருகிறது. இரண்டாவதில் அது பையன்களுக்குள்ளேயே வளர்கிறது. இடையில் இரு உலகப் போர்கள் நடந்திருந்தன, கோல்டிங் கடற்படையில் இருந்தவர். கடைசிப் பக்கங்களில் வரும் அதிகாரி பவளத்தீவைப் பெயர் சொல்லியே நினைவூட்டுகிறார். அந்த இடத்தில் தூரத்தே காத்திருக்கும் அவருடைய போர்க்கப்பலையும் கவனியுங்கள்.