பானையைப் புதைத்துச் செடிக்குத் தண்ணீர் விடுவது எப்படி?

நான்கு நாள் வெளியூர் போய் வந்தால் என் தக்காளிச் செடிகள் துவண்டு கிடக்கும். அதற்காகத்தான் பானைப் பாசனத்துக்கு மாறினேன். சீனாவில் சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்த முறை இது. பானைச் சுவரின் நுண்துளைகள் வழியாகத் தண்ணீர் கசியும். சுற்றியுள்ள மண் காய்ந்திருந்தால் கூடுதலாக இழுத்துக்கொள்ளும், ஈரமாக இருந்தால் கசிவு தானாகவே குறையும்.

வயிறு பருத்து வாய் குறுகிய மண்பானை, 5 முதல் 8 லிட்டர் பிடிப்பது, போதும். பளபளப்புப் பூச்சோ பெயின்டோ இருக்கவே கூடாது. இரண்டு பூந்தொட்டிகளை வாயோடு வாய் ஒட்டியும் செய்கிறார்கள், ஆனால் ஒட்டு விட்டு ஒழுகும் என்பதால் என் ஓட்டு பானைக்குத்தான். வாங்கியதும் நிரப்பி ஓர் இரவு வையுங்கள். காலையில் வெளிப்புறம் நிறம் கறுத்து, தொட்டால் கையில் ஈரம் பட வேண்டும். ஒரே இடத்தில் சொட்டினால் விரிசல் இருக்கிறது. காய்ந்தே இருந்தால் அந்தப் பானை இதற்கு ஆகாது.

சுற்றிலும் நான்கு விரல் இடம் விட்டுக் குழி தோண்டி, கழுத்து மட்டும் வெளியே தெரிகிற மாதிரி பானையை இறக்குங்கள்.

அடுத்தது மண் அணைப்பது. இங்கேதான் நிதானம் வேண்டும். முதல் தடவை தோண்டிய கட்டிகளை அப்படியே தள்ளி மூடிவிட்டேன். ஒரு வாரம் ஆகியும் பானையில் தண்ணீர் அவ்வளவாகக் குறையவில்லை, செடியோ வாடிக்கொண்டிருந்தது. பானைதான் சரியில்லை என்று தோண்டிப் பார்த்தால், அடிவயிற்றைச் சுற்றிக் கை நுழைகிற அளவுக்குப் பொந்து! மண் சுவரோடு ஒட்டியிருந்தால்தான் ஈரத்தை உறிஞ்ச முடியும். அதனால் கட்டியை உடைத்து, கல்லைப் பொறுக்கி, மட்கிய எரு கலந்து, லேசாக நனைத்த மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, ஒவ்வொரு முறையும் பானையின் வளைவுக்குக் கீழே விரலாலேயே தள்ளி அமுக்குங்கள். கட்டையால் இடிக்க வேண்டாம், ஊறிய பானை சட்டென்று உடையும்.

அப்புறம் நிரப்பி மூடி போடுங்கள், இல்லையென்றால் கொசு முட்டையிடும். பானையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் மூன்று நான்கு நாற்றுகள் நடலாம். தக்காளி, வெள்ளரி, பூசணி எல்லாம் நன்றாக வருகின்றன. விதையாகப் போட்டால் மட்டும், வேர் இறங்கும்வரை மேலேயும் தண்ணீர் தெளிக்க வேண்டும், ஏனென்றால் மேல்மண் காய்ந்தேதான் இருக்கும். களை குறைவதும் அதனால்தான்.

பாதி குறைந்ததுமே நிரப்பிவிடுங்கள். வெயில் நாளில் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை தேவைப்படும்.

பிற்சேர்க்கை: பானைக்குள் உரக்கரைசல் ஊற்றலாமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். ஊற்றாதீர்கள், துளைகள் அடைபட்டுவிடும். செடியின் தூரில் ஊற்றுங்கள். உப்புத் தண்ணீர் விடுகிறவர்களுக்குச் சுவரில் வெள்ளையாகப் படியும். கசிவு குறைந்தால் பானையை எடுத்து, வினிகர் கலந்த தண்ணீரில் ஊறவைத்து, நார் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவிப் பாருங்கள். தண்ணீர் உறைகிற அளவுக்குக் குளிர் அடிக்கும் ஊரில் இருந்தால், அதற்கு முன்பே பானையை வெளியே எடுத்து வைத்துவிடுங்கள், உறையும் தண்ணீர் அதைப் பிளந்துவிடும்.